மண்டி முதலாளி மலையில் விழுந்த நாள்

நான் காகிதம் விற்கிறவன். தேனி பஜாரில் நோட்டு, பேனா, ரசீதுப் புத்தகம், திருமணப் பத்திரிகை அட்டை இவைதான் என் வியாபாரம். ஒரு நாளில் நான் பேசுகிற பேச்சை ஒரு உள்ளங்கையில் அடக்கிவிடலாம். விலை சொல்வேன், மீதிச் சில்லறை கொடுப்பேன், மழை வருமா என்று யாராவது கேட்டால் வரும் என்பேன். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை வாயை மூடாமல் பேசும்படி ஆயிற்று. மழையாகவும் மூடுபனியாகவும் பேசினேன். வனத்துறைச் செக்போஸ்ட்டுக் காவலராகவும், சரிந்து விழுந்த மண்ணாகவும் பேசினேன். அந்த அலுப்பு உடம்பிலிருந்து இறங்க வெகு நாளாயிற்று. இப்போது எழுதும்போதும் தொண்டையில் லேசாகத் தெரிகிறது.

இதற்கெல்லாம் காரணம் என் மைத்துனர் கொண்டுவந்த ஒரு அட்டைப்பெட்டி.

அவர் அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது சாக்லேட், துவாலை, கைக்கடிகாரம் இவற்றோடு அந்தப் பெட்டியும் வந்தது. உள்ளே ஒரு தடித்த புத்தகமும், பல முகங்கள் கொண்ட வண்ணப் பகடைகளும் இருந்தன. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்களாம். ஒருவர் கதை சொல்வார். "காடு வந்துவிட்டது, பாதை இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். ஆடுகிறவர் தன் வேடத்தில் நின்று பதில் சொல்வார். செய்ய நினைத்தது கஷ்டமான காரியம் என்றால் பகடையை வீச வேண்டும். விழுகிற எண் நடந்ததைச் சொல்லும். கதை அங்கிருந்து மேலே போகும்.

"எங்க ஊர்ல வருசத்துக்கு ஒரு நாள் இதை நாள் பூரா ஆடுவோம் மச்சான்," என்றார் அவர். "பாக்க வர்றவங்க காசு போடுவாங்க. அந்தக் காசு பூராவும் பிள்ளைக ஆஸ்பத்திரிக்குப் போகும்."

நான் கேட்டுக்கொண்டதோடு சரி. என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

அவள் நர்ஸ். பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை. அந்த வார்டுக்கென்று தனியாக ஆக்சிஜன் கிடையாது. ஆஸ்பத்திரிக்கே ஒரு சிலிண்டர்தான். பெரியவர்கள் வார்டுக்கும் குழந்தைகள் வார்டுக்கும் நடுவே அதை உருட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருப்பார்கள். அந்த மழைக்காலத்தில் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து மூச்சுத் திணறலோடு ஒரு குழந்தையை ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். சிலிண்டர் அந்த நேரத்தில் அடுத்த கட்டடத்தில் ஒரு பெரியவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்கவும் முடியாது. எடுக்காமல் இருக்கவும் முடியாது. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. ஆனால் இரண்டு மாதமாக அவள் சாப்பிடுகிற சோறு குறைந்திருந்ததை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இதை இங்கன நடத்த முடியாதா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"நடத்தலாம்க்கா. கதை சொல்ல ஒரு ஆளு வேணும். எல்லாத்தையும் ஒழுங்கா ஞாபகத்துல வச்சுக்கிற ஆளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் மைத்துனர் விமானம் ஏறிவிட்டார். பெட்டி என்னிடம் இருந்தது.

புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். நெருப்புக் கக்கும் பறவை, குள்ளர்கள், மந்திரவாதிகள் என்று இருந்தது. பஜார்க்காரர்கள் இதற்குக் காசு தரமாட்டார்கள் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எங்கள் ஊர்க் கதையை வைத்தேன். மெட்டிலிருந்து போடிக்கு மழையில் ஒரு ஜீப் இறங்குகிறது. அதில் மூச்சுத் திணறும் ஒரு குழந்தை. ஜீப்பில் இருப்பவர்கள் அதை உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பல முகப் பகடைகளையும் ஒதுக்கிவிட்டேன். ஆறு முகப் பகடை போதும், எல்லோருக்கும் தெரிந்தது. பார்க்க வருகிறவர்கள் காசு போட்டு ஜீப்பில் இருப்பவர்களுக்கு டார்ச், கயிறு, தார்ப்பாய் என்று ஏதாவது பொருள் வாங்கித் தரலாம். ஆனால் பகடையில் விழுந்த எண்ணைக் காசு கொடுத்து மாற்ற முடியாது. இந்த ஒரு சட்டத்தில் நான் கடைசி வரை பிடிவாதமாக இருந்தேன். எண்ணை விலைக்கு விற்றால் அது வியாபாரமாகிவிடும், கதை இருக்காது.

கடைசி வீச்சை எப்படி வைப்பது என்று மட்டும் தெரியவில்லை. மனைவியைக் கேட்டேன். "அப்படி வருகிற குழந்தைகள் ஆறு பேர் என்றால் எத்தனை பிழைக்கும்?"

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "இப்ப இருக்கிற நெலமைக்கு, ரெண்டு."

ஐந்தோ ஆறோ விழுந்தால் பிழைக்கும் என்று எழுதினேன்.

அடுத்தது ஊரைச் சம்மதிக்க வைப்பது. பகடை என்றதும் எங்கள் சர்ச்சின் பாதிரியாரான சபை ஐயர் முகத்தைச் சுளித்தார். சபை மண்டபம் கிடைக்காது என்று புரிந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவரிடம் போனேன்.

"காசு வச்சு ஆடுறதா?" என்றார் அவர்.

"காசு குடுத்துப் பாக்குறதுண்ணே."

"அதுல என்ன வித்தியாசம்?"

"ஆடுறவுகளுக்கு ஒண்ணும் கெடைக்காது."

"அப்பச் சரி. கெடைக்காதுன்னா சூது இல்ல," என்று சங்க மண்டபத்தைத் தந்தார்.

ஆட மூன்று பேர் கிடைத்தார்கள். ஜீப் டிரைவராக எதிர்ச்சாரியில் இருக்கும் சைக்கிள் கடைக்காரர். குழந்தையின் தகப்பனாக ராயப்பன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பள்ளி ஆசிரியர், அவர் கோயில் நாடகங்களில் நடித்துப் பழகியவர். மூன்றாவது ஆள் மண்டி முதலாளி. பஜாரிலேயே பெரிய ஏலக்காய் மண்டி அவருடையது. அவர் தானாக முன்வந்தார். மண்டபத்தில் எவ்வளவு சேர்கிறதோ அதற்குச் சமமாகத் தானும் ஒரு பங்கு போட்டு இரட்டிப்பாக்கித் தருவதாக, ஆனால் ஆட்டம் முழுதாக நடந்து முடிய வேண்டும் என்று சொன்னார். அவருடைய வாக்குறுதி இல்லையென்றால் சிலிண்டர் கிடையாது என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

அவருக்கு நான் ஒதுக்கிய வேடம் எஸ்டேட் கணக்குப்பிள்ளை.

"நான் எதுக்குய்யா கணக்குப்பிள்ளையா வரணும்?" என்றார். "நான் நானா வாரேன்."

"ஆட்டத்துல வேற ஆளா இருக்கணும்ணே. அதுதான் ஆட்டம்."

"என்னையத் தெரியாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்? பேரை மாத்தி உக்காந்தா சிரிப்பானுக. மண்டி முதலாளி மண்டி முதலாளியாத்தான் வருவாரு. ஜீப்புல என் சரக்கு நாலு மூடை ஏத்திக்க."

சங்கத் தலைவரும் அதையே சொன்னார். எங்கள் ஊரில் மேடை ஏறுகிற பெரிய மனிதரைப் பட்டம் பதவியோடு ஒலிபெருக்கியில் அழைத்தால்தான் அவருக்கு மரியாதை. வேறு பெயரில் உட்கார வைப்பது அவமானம். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கத் தெம்பில்லை. சரி என்றுவிட்டேன்.

ஒலிபெருக்கி வைப்பதும் அப்படித்தான் முடிவானது. அது இல்லாமல் தேனியில் ஒரு காரியமும் நடந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மண்டபத்துக்குள் ஒரு பெட்டி. வெளியே பஜார்ப் பக்கம் பார்த்து இரண்டு குழாய்கள். ரேடியோ செட்காரர் வெளிக்குழாயில் பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். "முக்கியமான கட்டம் வந்தா மட்டும் மைக்கை வெளிய விடு, அப்பத்தான் ஆள் வரும்," என்று தலைவர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை கூட்டம் நன்றாகவே வந்தது. என்ன நடக்கப் போகிறது என்று யாருக்கும் தெரியாததால் வந்தார்கள். மேசை மேல் மலைச்சாலையைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்திருந்தேன். ஒரு தீப்பெட்டிதான் ஜீப். ஆசிரியர் தன் துண்டைச் சுருட்டிக் குழந்தையாக மடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் அதை அவர் கீழே வைக்கவில்லை. சாப்பிடும்போதும் இடது கையில் அணைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. "எதிரே மூடுபனி. விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. டிரைவர் என்ன செய்கிறார்?" என்பேன். சைக்கிள் கடைக்காரர் என்னையே பார்ப்பார். "நீங்களே சொல்லுங்கண்ணே," என்பார். நான் சொல்லக் கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும் என்று மறுபடி விளக்குவேன். கூட்டத்திலிருந்து ஒரு ஆள், "ஏலே, ஆரனை அடிலே!" என்று கத்தினார். அதன் பிறகுதான் ஆட்டம் ஓட ஆரம்பித்தது. சைக்கிள் கடைக்காரர் வாயாலேயே ஆரன் அடித்தார். மண்டபம் சிரித்தது. ஒரு துணிக்கடைக்காரர் காசு போட்டு ஜீப்புக்குத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தார். ஒரு லாரி புரோக்கர் டார்ச் வாங்கிக் கொடுத்தார்.

மத்தியானத்துக்குள் என் குரல் உடைந்துவிட்டது. கூட்டம் எலுமிச்சைச் சோறு சாப்பிடும்போது நான் வெந்நீரைக் குடித்துக்கொண்டு அடுத்த வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு அன்று இரவு டூட்டி. வெள்ளைச் சேலையோடே வந்திருந்தாள். பக்கத்தில் வந்து, "முடியுமா?" என்றாள். தலையாட்டினேன். பேசினால் இருக்கிற குரலும் செலவாகும்.

புலியூத்துக்கு மேலே ஒரு மரம் சாலையில் விழுந்து கிடப்பதாகக் கதையில் எழுதியிருந்தேன். ஜீப் ஓரமாக ஒதுங்குகிறது, பின்சக்கரம் சறுக்குகிறது, பின்னால் கட்டியிருந்த ஒரு மூடை அவிழ்ந்து பள்ளத்துப் பக்கம் சாய்கிறது.

"மண்டி முதலாளி என்ன செய்கிறார்?"

"பிடிக்கிறேன்."

"மூடை கனம். காலடி மண் ஈரம். விட்டுவிட்டால் நீங்கள் தப்பிக்கலாம். பிடித்தால் பகடை வீச வேண்டும். மூன்றுக்குக் கீழே விழுந்தால் மூடையோடு நீங்களும் போவீர்கள்."

"பிடிக்கிறேன்யா."

கூட்டம் எழுந்துவிட்டது. "விடுங்க மொதலாளி! மூடைய விடுங்க!"

"எப்படி விடுறது?" அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உண்மையாகவே கோபப்பட்டார். "ஏலக்காய் என்ன வெலைன்னு தெரியுமாலே உனக்கு?"

"உசிரு என்ன வெலை மொதலாளி?"

"அது வாரது வரட்டும்," என்று பகடையை வீசினார். இரண்டு விழுந்தது.

சட்டப்படி நடந்ததைச் சொல்ல வேண்டியவன் நான். மைக்கைப் பக்கத்தில் இழுத்து, மிச்சமிருந்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"மண்டி முதலாளி அவர்கள் போடிமெட்டுச் சாலையில், பள்ளத்தில் விழுந்து, இறந்துபோனார்."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "செத்தவனுக்கும் வடை உண்டுல்ல?" என்று தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் வெளியே பாட்டு நின்றுவிட்டிருந்தது தெரிந்தது. பிறகு ஒரு இரும்புச் சத்தம். ஒரு கடையின் ஷட்டர் இறங்குகிற சத்தம். அதையடுத்து இன்னொன்று, பிறகு வரிசையாக. பஜார் முழுவதும் ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்த கடைக்காரர்கள் கலவரம் என்று நினைத்து வாசலுக்கு ஓடினார்கள். மண்டபத்தில் பாதி காலியாகிவிட்டது.

ரேடியோ செட்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். "அண்ணே, நான் வெளிய விட்டுட்டேன்ணே."

"எதை?"

"நீங்க இப்பச் சொன்னதை. பாட்டை நிறுத்திட்டு அந்த ஒண்ணை மட்டும். முக்கியமான கட்டம்னா விடச் சொன்னாகள்ல?"

பெரிய வியாபாரி இறந்தால் பஜார் கடையடைப்பது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லாத மரியாதை. ஒலிபெருக்கியில் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு பெயரைச் சொன்னால் அது சாவுச் செய்தி. மலைச்சாலையில் மண்டி முதலாளி அடிக்கடி போய்வருகிறவர். யார்தான் சந்தேகப்படுவார்கள்? பூக்கடைக்காரர் ஒரு பெரிய மாலையோடு மண்டப வாசலில் வந்து நின்றார். வடை தின்றுகொண்டிருந்தவரைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எனக்கா அது?" என்றார் முதலாளி. "நல்லாத்தான் கட்டியிருக்க. யாரு யாரு அடைச்சிருக்காக?"

"எல்லாருமேண்ணே."

"எதுத்த மண்டிக்காரனுமா?"

"அவுகதாண்ணே மொதல்ல அடைச்சாக."

முதலாளி வடையைக் கீழே இறக்கினார். "சந்தோசத்துல அடைச்சிருப்பான்," என்றார். ஆனால் குரலில் அந்தக் கிண்டல் முழுதாக ஏறவில்லை.

அல்லிநகரத்து வீட்டிலிருந்து முதலாளியின் கார் வந்து நின்றது. அவர் மனைவி இறங்கினார். பின்னால் அந்த அம்மாளின் தம்பியும் இரண்டு பெண்களும். அந்தப் பெண்கள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அழவில்லை. உள்ளே வந்து கணவரைப் பார்த்தார். கையில் பாதி வடை. நேராகப் போய் அந்த வடையைப் பிடுங்கித் தரையில் எறிந்தார்.

"வாங்க வீட்டுக்கு. தலை முழுகணும்."

"அட, செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாக ஆத்தா..."

"வாயைத் தொறக்காதீக. ஏறுங்க வண்டியில."

அவர் எழுந்தார். போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அந்தப் பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அவரைக் காரில் ஏற்றினார்கள். கார் போய்விட்டது. சங்கத் தலைவர் என் காதருகில் குனிந்தார். "இதோட முடிச்சுக்குவோம். அபசகுனமாப் போச்சு. எவனும் இனிக் காசு போட மாட்டான்."

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது. முடித்துக்கொள்ளலாம். எழுந்து வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துப் படுக்கலாம். பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடியாவிட்டால் இரட்டிப்பு இல்லை. மண்டபம் காலியானால் இரட்டிப்பதற்கும் ஒன்றும் இல்லை.

கணவரை அனுப்பிவிட்டு அந்த அம்மாள் மட்டும் தம்பியோடு திரும்பி உள்ளே வந்தார்.

"யாரு இங்கன என் வீட்டுக்காரரைக் கொன்னது?"

நான் கையைத் தூக்கினேன்.

"நீங்க பேப்பர் கடை வச்சிருக்கவுகதான? உங்களுக்கு என்ன பகை?"

"பகை இல்லம்மா. பகடை ரெண்டு விழுந்துச்சு. மூடைய விட்டாத் தப்பிச்சிருப்பாக. விடமாட்டேன்னுட்டாக."

"என்ன மூடை?"

"ஏலக்காய் மூடை."

அந்த அம்மாளின் கோபம் அப்படியே நின்றது. "விடமாட்டாக," என்றார். "அவுக விடமாட்டாக." முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, கணவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். என் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கும்போது ஆசிரியரைப் பார்த்தார்.

"அது என்ன கையில?"

"பிள்ளைம்மா," என்றார் ஆசிரியர்.

"யாரு பிள்ளை?"

"என் பிள்ளை. எஸ்டேட்டுல பெறந்தது. மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்." அவர் நாடகக்காரர். குரல் லேசாக நடுங்கியது.

"மூச்சு விட முடியாத பிள்ளைய நடுரோட்டுல வச்சுக்கிட்டா எல்லாரும் வடை தின்னுக்கிட்டு இருக்கீக?" அவர் சைக்கிள் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீ யாரு?"

"டிரைவர் ஆத்தா."

"பெறகு என்னத்துக்கு உக்காந்திருக்க? வண்டிய எடு."

"மரம் விழுந்து கெடக்கு ஆத்தா."

"அதை ஏன் இம்புட்டு நேரம் எடுக்கல?"

அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் எனக்கு ஒரு மணி நேரம் பிடித்த வேலையை அந்த அம்மாள் ஒரு பேச்சில் முடித்துவிட்டார். மரத்தைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அந்த அம்மாள் பகடையை வீசினார், நான்கு. மீதி மூன்று மூடைகளையும் பள்ளத்தில் தள்ளச் சொன்னார், வண்டி பாரம் குறையட்டும் என்று. "உங்க அத்தான் செத்துட்டாக, கேக்க ஆள் இல்ல," என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். செக்போஸ்ட்டுக் காவலராக நான் "சரக்குப் பர்மிட் எங்கே?" என்று கேட்டபோது, "சரக்கும் இல்ல, பர்மிட்டும் இல்ல, கம்பைத் தூக்குய்யா," என்றார். அதற்குப் பகடையே போடத் தேவையில்லை என்று தீர்மானித்தேன். எந்தக் காவலரும் தூக்கியிருப்பார்.

ரேடியோ செட்காரர் என்னிடம் வந்து, "இப்ப வெளிய விடலாமாண்ணே?" என்று பயந்து பயந்து கேட்டார். விடச் சொன்னேன். இந்த முறை எல்லாவற்றையும். மண்டி முதலாளி இறக்கவில்லை, அவர் வீட்டம்மா ஜீப்பில் இறங்கிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி பஜாரில் பரவியது. ஷட்டர்கள் பாதி பாதியாகத் தூக்கப்படுகிற சத்தம் கேட்டது. காலையில் இருந்ததைவிடக் கூட்டம் நெருக்கியது. ஒருவர் குழந்தைக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்தார். ஒருவர் பெட்ரோல் போட்டார். முந்தல் வந்து, போடி வந்து, ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது என் குரல் காற்றாக மட்டுமே வந்தது.

"இப்ப என்ன?" என்றார் அந்த அம்மாள்.

"இனிப் பிள்ளைக்கு ஒரு வீச்சும்மா. கடைசி. அஞ்சு, ஆறு விழுந்தாப் பிழைக்கும்."

"மத்த நாலு எண்ணுக்கும்?"

நான் துண்டுக் குழந்தையைப் பார்த்தேன். அவர் பகடையை மேசையில் வைத்தார்.

"பிள்ளை உசிருக்குப் பகடை போடுறதா? இந்தச் சட்டத்தை எந்தப் பாவி எழுதுனது?"

"நான் சொல்லித்தாம்மா எழுதுனாக," என்றாள் என் மனைவி. பானையை விட்டு முன்னால் வந்திருந்தாள். "அங்கன அப்படித்தான் நடக்குது. ஆக்சிஜன் ஒரே ஒரு சிலிண்டர். பெரியவுகளுக்கும் எங்களுக்கும் சேத்து. சின்னப் பிள்ளை முகத்துக்குப் போடுற மாஸ்க்கும் இல்ல."

"அதெல்லாம் வந்துட்டா? அப்பப் பகடை போட வேண்டாம்ல?"

மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த அம்மாள் கேட்க விரும்புகிற பதில் தெரிந்திருந்தது. சங்கத் தலைவர் என் மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லும்மா என்பதுபோலத் தலையை ஆட்டினார். நானும் அவள் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் விரும்பினேன். ஒரு வார்த்தை. சிலிண்டர் வந்துவிடும்.

"போடணும்மா," என்றாள். "அப்பவும் போடத்தான் வேணும். ரெண்டு எண்ணுக்குப் பிழைக்கிறது நாலு எண்ணுக்குப் பிழைக்கும். அவ்வளவுதான்."

தலைவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பொய் சொல்லத் தெரியாதா ஆத்தா உனக்கு?"

"நாளைக்கு அங்கன நாந்தாம்மா நிக்கணும்."

பஜாரும் கேட்டுக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

"அவுக சொன்ன ரெட்டிப்பு அவுக பாடு," என்றார் அந்த அம்மாள். "சிலிண்டரும் மாஸ்க்கும் என் பாடு. பொருள் வாங்கலாம்தான உங்க சட்டத்துல?"

"வாங்கலாம்மா," என்றேன். காற்றுதான் வந்தது. ஆனாலும் புரிந்தது.

"அப்ப நாலு எண்ணு."

மூன்றிலிருந்து ஆறு வரை என்று மேசையில் சுண்ணாம்புக் கட்டியால் திருத்தி எழுதினேன். அவர் பகடையை இரண்டு கையாலும் மூடிக் குலுக்கி, கண்ணை மூடாமல், பார்த்துக்கொண்டே வீசினார். அது ஆசிரியரின் முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஐந்து.

கூரை அதிர்ந்தது. ஆசிரியர் துண்டுக் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அம்மாளின் தம்பி குனிந்து, "அக்கா, அஞ்சுன்னா பழைய கணக்குக்கே பிழைச்சிருக்குமேக்கா. காசு தெண்டம்," என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வாய மூடுலே. அடுத்த பிள்ளைக்கு ஆகும்."

அதன் பிறகு ஒரு வாரம் நான் கடையில் விலையைத் தாளில் எழுதிக் காட்டினேன். மண்டி முதலாளி இரட்டிப்பை ஒழுங்காக அனுப்பினார். அது வார்டுக்கு ஜன்னல் வலையும் கட்டில்களும் ஆயிற்று. "பிள்ளை பிழைச்சுக்கிச்சு, நான் மட்டும் செத்தேன், மூடை நாலும் போச்சு," என்று பல நாள் பஜாரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். எதிர் மண்டிக்காரரோடு அவர் டீ குடிப்பதை அதற்குப் பிறகு நான் பார்த்திருக்கிறேன். முன்பு பார்த்ததில்லை. அடுத்த வருஷம் சங்கத் தலைவர் வந்து, "இந்த வருசம் யாரைக் கொல்றோம்?" என்று கேட்டார். வேறு ஆளைக் கதை சொல்லச் சொல்லுங்கள் என்று கும்பிட்டேன். வேறு ஆள் யாரும் வரவில்லை. அதோடு அந்த ஆட்டம் எங்கள் ஊரில் நின்றுபோனது.

சிலிண்டர் மதுரையிலிருந்து லாரியில் வந்தது. சிறிய மாஸ்க்குகள் வர இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. அவை வந்த பிறகும் என் மனைவி சில காலைகளில் ஒன்றும் பேசாமல் வந்து, குளித்து, சாப்பிடாமல் படுத்தாள். சில காலைகளில் இரண்டு தோசை கேட்டாள். எது எந்த நாள் என்று எனக்குத் தோசையை வைத்தே தெரியும்.

முதலாளி வீட்டம்மா மட்டும் அதை விடவில்லை. வீரபாண்டிக் கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் காரை என் கடை முன்னால் நிறுத்தச் சொல்வார். இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, "உங்க வீட்டம்மா என்ன சொன்னாக?" என்று கேட்பார். நான் வெளியே வந்து சொல்ல வேண்டும். எனக்கு அது பாரமாகத்தான் இருந்தது. ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட ஒருமுறை தோன்றியது.

"இந்த வாரம் ஒண்ணு நல்லபடியா வீட்டுக்குப் போச்சும்மா," என்றேன் ஒருநாள்.

"போகாதது?"

"அதுவும் ஒண்ணு."

டிரைவர் வண்டியை எடுக்கலாமா என்று திரும்பிப் பார்த்தார்.

"யாரு பெத்த பிள்ளையோ," என்றார் அந்த அம்மாள். "சரி, அடுத்த வாரமும் வாரேன். கேட்டு வைங்க."